நோயாளிப் பணியிடம் காலி இல்லை

உங்கள் வலது கை ஒருநாள் காலையில் திடீரென்று உங்கள் பேச்சைக் கேட்காமல் போய்விட்டால், முதலில் யாரிடம் போய் நிற்பீர்கள்?

டாக்டரிடம் என்பீர்கள். ஈச்சம்பட்டு கண்ணையனும் அப்படித்தான் நினைத்தான். ஐம்பத்திரண்டு வயதுவரை உடம்புக்கு ஒன்றும் வராத மனிதன், பாவம், நடைமுறை தெரியாது. டாக்டருக்கு முன்னால் பார்க்க வேண்டியவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள் என்பதும், அவர்களையெல்லாம் பார்த்து முடித்த பிறகு டாக்டரைப் பார்க்கலாமா கூடாதா என்பதை இன்னொருவர் முடிவு செய்வார் என்பதும் அவனுக்குத் தெரியாது.

அன்று வெள்ளிக்கிழமை. கரும்புக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்து, கால் கழுவிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தான். ராசிபலன் ஓடிக்கொண்டிருந்தது. மேஷத்துக்கு வெளியூர்ப் பயணம் என்று சொல்லி முடித்து, ரிஷபத்தை ஆரம்பித்தார்கள். கண்ணையன் டீ டம்ளரை எடுத்தான். எடுத்துவிட்டதாக நினைத்தான். டம்ளர் மடியில் விழுந்து லுங்கியெல்லாம் டீ. தொடையில் சூடு தெரிந்தது. கையில் ஒன்றும் தெரியவில்லை. அது நாற்காலி ஓரத்தில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாயா, டம்ளர் புடிக்கக்கூட தெம்பு இல்லியா?" என்று அவன் மனைவி செல்வகுமாரி துணி எடுத்துக்கொண்டு வந்தாள்.

'கை மரத்துப் போச்சுடி' என்று கண்ணையன் சொன்னான். வாயிலிருந்து வந்ததோ களி கொதிக்கும்போது கொப்புளம் உடைகிற மாதிரி ஒரு சத்தம். அவனுக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை.

செல்வகுமாரி துணியைக் கீழே போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். வாயின் வலது ஓரம் இறங்கியிருந்தது.

"சிரி," என்றாள்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் சொல்லி அவன் ஒருமுறையும் சிரித்தது கிடையாது. அன்று சிரித்தான். இடது பக்கம் மட்டும் சிரித்தது.

"ரெண்டு கையையும் தூக்கு."

இடது கை எழுந்தது. வலது கை அசையவில்லை.

பக்கத்து வீட்டுத் தனக்கொடி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துத் தன் அபிப்பிராயத்தைச் சொன்னாள். "நேத்து முச்சூடும் கரும்புக் கட்டு தூக்கினாரு இல்ல? அசதிதான். நல்லெண்ணெய சுட வச்சி தேச்சிவுட்டு படுக்க வைடி. சாயங்காலத்துக்குள்ள சரியாப் பூடும்."

"அசதின்னா ரெண்டு கையும் அசந்து போவும்க்கா. மெதுவா வரும். இது மேஷத்துக்கு நல்லா இருந்துச்சு, ரிஷபத்துல பூட்டுது. ஒரு பக்கம் மட்டும் பூட்டுது. வாயி கோணிக்கிச்சு, பேச்சு குழறுது. படுக்க வச்சா அப்பிடியே போவ வேண்டியதுதான்."

இவ்வளவும் செல்வகுமாரிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், பஸ் லேட்டாக வந்ததால்தான். வில்லியனூர்ப் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு அவள் தினமும் வேலைக்குப் போகிறாள். பஸ் ஸ்டாப்பில் மூன்று மாதமாக ஒரு பேனர் நின்றது. 'திடீர்த் தளர்ச்சி விழிப்புணர்வு இயக்ககம்' வைத்தது. அதில் பதினோரு பேர் கும்பிட்டுக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பதினோரு பேரின் முழங்கைகளுக்கும் அச்சகத்தின் போன் நம்பருக்கும் நடுவில் கிடைத்த இடத்தில், பொடி எழுத்தில் இப்படி இருந்தது: முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையோ காலோ திடீரெனத் தளர்ந்தால், பேச்சு குழறினால், ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான்கரை மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் கை திரும்பும். உடனே அருகிலுள்ள நலவழி நிலையத்துக்கு வாருங்கள்.

தினமும் இருபத்தைந்து நிமிஷம் பஸ்ஸுக்காக நின்றதில் செல்வகுமாரிக்கு அது மனப்பாடம். அச்சகத்தின் போன் நம்பரும் மனப்பாடம்.

மணி பார்த்தாள். ஏழு பத்து. நான்கரை மணி நேரம் என்றால் பதினொன்று நாற்பது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள்.

"உங்க பக்கத்து வண்டி ஈச்சம்பட்டு நலவழி நிலையத்துல ஒத்திகைக்குப் போயிருக்கும்மா," என்றது ஒரு பெண் குரல்.

"இன்னா ஒத்திகை?"

"திடீர்னு கை கால் வுழுந்துட்டா வண்டி எவ்ளோ சீக்கிரம் வரும்னு."

"அப்ப அதையே இங்க அனுப்பு. எவ்ளோ சீக்கிரம் வருதுன்னு பாத்துக்கலாம்."

"ஒத்திகை முடியணுமேம்மா."

செல்வகுமாரி போனை அணைத்தாள். டிவிஎஸ் வண்டியை எடுத்தாள். கண்ணையனைப் பின்னால் உட்கார வைத்து, ஒரு பழைய புடவையால் அவனைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டினாள். வலது கால் கீழே இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க, அதைத் தூக்கி ஒரு கயிற்றால் வண்டியோடு கட்டினாள். தெருவில் நின்ற ஒருவன், "காலையிலயே ஃபுல்லா?" என்று கேட்டுச் சிரித்தான். நம் பக்கத்தில் காலை ஏழரை மணிக்கு ஒரு ஆம்பிளை வாய் குழறித் தள்ளாடினால் ஜனங்கள் வேறொன்றும் யோசிப்பதில்லை. கண்ணையன் குடிக்காதவன். அதைச் சொல்ல வாய் திறந்தான். அதைக் கேட்டவனுக்குச் சந்தேகமே தீர்ந்துபோனது.

நலவழி நிலையத்தின், அதாவது ஊர்ச் சுகாதார நிலையத்தின், வாசலில் பந்தல். வாழை மரம் இரண்டு. சந்தனம், கற்கண்டுத் தட்டோடு இரண்டு பெண்கள். உள்ளே நூறு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் நாற்பது பேர். மேடைக்குப் பின்னால் பஸ் ஸ்டாப்பில் இருந்ததைவிட நான்கு மடங்கு பெரிய பேனர், அதே பதினோரு பேர். மேடைக்குப் பக்கத்தில் வெள்ளை ஆம்புலன்ஸ் ஒன்று, நெற்றியில் மாலை போட்டுக்கொண்டு நின்றது.

"வாங்க, வாங்க," என்று சந்தனம் வைத்த பெண் கண்ணையனின் கன்னத்தையும் பார்த்தாள், முதுகில் கட்டிய புடவையையும் பார்த்தாள். "நாடகத்துக்கு வந்தவங்களா?"

செல்வகுமாரி அவளைத் தள்ளிவிட்டு, கட்டை அவிழ்த்துக் கண்ணையனைத் தோளில் தாங்கிக்கொண்டு சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் போனாள். ஜன்னலுக்குள் ஜெயா என்கிற அம்மாள், விருந்தினர்களுக்கான சால்வைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கி ஓ.பி. கிடையாதும்மா. விழிப்புணர்வு தினம். நாளைக்கி வாங்க."

"கை வுழுந்துடுச்சு மேடம். ஏழு பத்துக்கு. பேனர்ல உடனே வரச் சொல்லி போட்டிருக்குது."

ஜெயாவின் கை சால்வையிலேயே நின்றது. "பேனரைப் பாத்துட்டா வந்தீங்க?"

"ஆமா."

"படிச்சீங்களா? எழுத்தையா?"

"ஆமா மேடம்."

ஜெயா எழுந்து உள்பக்கம் திரும்பி, "சார், கொஞ்சம் வாங்க. பேனரைப் பாத்துட்டு ஒருத்தர் வந்திருக்காரு," என்றாள். அவள் குரலில் பயம் இருந்தது.

உள்ளே இருந்து வந்தவர் இயக்ககத்தின் ஒருங்கிணைப்பு அதிகாரி அரிகரன். வெள்ளைச் சட்டை, பைக்குள் மூன்று பேனா. இயக்ககம் ஆரம்பித்த நான்கு வருஷத்தில் இருநூற்றுப் பத்து பேனர் வைத்திருக்கிறார். எந்தப் பேனரும் திரும்பி வந்து பேசியதில்லை. இப்போது ஒன்று வேலை செய்துவிட்டது என்று கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணையனின் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். கை குலுங்கியது. கண்ணையன் அதில் கலந்துகொள்ளவில்லை.

"எந்த பஸ் ஸ்டாப் பேனர்? வினைல்லா, துணியா?" என்று கேட்டார். "ஜெயா, போட்டோ எடுக்கற பையனைக் கூப்புடு. இவருதான் நம்ம முதல் பயனாளி."

"டாக்டரைக் கூப்புடுங்க சார்," என்றாள் செல்வகுமாரி.

"கூப்புடலாம்மா, கூப்புடலாம். முதல்ல பயனாளி படிவம். 'பேனர் மூலம் நான் விழிப்புணர்வு பெற்றேன்'னு ஒரு வரி. அதுல ஒரு கையெழுத்து."

"கையிதான் வரலியே சார்."

"கைநாட்டு வைக்கட்டும்," என்றாள் ஜெயா, மை டப்பாவை நகர்த்தி.

செல்வகுமாரி நீட்டிய பேங்க் பாஸ்புக்கைப் பார்த்து அரிகரன் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "இவரு பாஸ்புக்குல கையெழுத்து போட்டிருக்காரு, பாரு. கையெழுத்து தெரிஞ்சவங்ககிட்ட கைநாட்டு வாங்கக் கூடாது. ஆடிட்ல மாட்டிக்கும். கை வேலை செய்யலைன்னு டாக்டர்கிட்ட ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்தா, கைநாட்டு வாங்கிக்கலாம்."

"அந்த டாக்டரைத்தான் சார் கேக்கறேன்."

"படிவம் முடிஞ்சாதானேம்மா டாக்டரைப் பாக்க முடியும்."

கண்ணையன் இதையெல்லாம் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அதுதான் கொடுமை. கை போய்விட்டது, வாய் போய்விட்டது, காது மட்டும் முழுசாக இருந்தது. போக வேண்டியது எது என்று கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டான்.

செல்வகுமாரி ஆம்புலன்ஸ் பக்கம் திரும்பினாள். "அப்ப அந்த வண்டியில ஏத்தி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்க. இருபது கிலோமீட்டர்."

"அதுல நோயாளி இருக்காரும்மா," என்றார் அரிகரன்.

அவள் போய்ப் பார்த்தாள். உள்ளே ஸ்ட்ரெச்சரில் ஒரு ஆள் கால்மேல் கால் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். கழுத்தில் நீல நாடாவில் ஒரு அட்டை. அட்டையில் 'நோயாளி' என்று அச்சடித்து, கீழே முத்திரை. சூசைநாதன், இயக்ககத்தில் நான்கு வருஷமாக வவுச்சரில் கூலி வாங்குகிற தற்காலிக ஊழியன். பேனர் கட்டுவது, அவிழ்ப்பது, கிழிந்ததைத் தைப்பது அவன் வேலை.

"இவரு நல்லாத்தானே இருக்காரு," என்றாள் செல்வகுமாரி.

"இப்ப நல்லாத்தான் இருக்காரு. சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைச்சதும் இவருக்கு எடது கை வுழுந்துடும். வண்டி குளக்கரை வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வரும்." அரிகரன் பொறுமையாக விளக்கினார். "இன்னிக்கி நோயாளிப் பணியிடம் ஒண்ணுதாம்மா சாங்ஷன். அதுக்கு ஆர்டர் போட்டு ஆளும் போட்டாச்சு. காலி இல்லை. அதுவும் ஆர்டர்ல எடது கைன்னு இருக்கு. உங்க வூட்டுக்காரருக்கு வலது."

சூசைநாதன் எழுந்து உட்கார்ந்து கண்ணையனைப் பார்த்தான். "அண்ணே, உனக்கு நெஜமாவா?" என்றான். கண்ணையன் தலையாட்டினான். சூசைநாதன் மடித்த காலை மெதுவாக நீட்டிக்கொண்டான். காலையில் ஆறு மணியிலிருந்து அவன் அதில் படுத்திருக்கிறான். முதல் முறையாக அவனுக்கு அங்கே படுத்திருப்பது சங்கடமாக இருந்தது.

மணி எட்டே முக்கால்.

கூட்டம் குறைவாக இருந்ததால் அரிகரன் இருவரையும் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார். கையில் ஒரு கப் டீயும் இரண்டு பிஸ்கட்டும் வந்தன. பிஸ்கட் செல்வகுமாரியின் கம்பெனியுடையது. பக்கத்தில் இருந்தவர் அன்பாகக் கண்ணையனின் வாயில் டீயை ஊற்றப் போனார்.

"குடுக்காதீங்க, வாயில ஒண்ணும் குடுக்காதீங்க," என்று மேடையிலிருந்து ஒரு குரல் வந்தது. மைக் இல்லாத குரல், பாதிதான் கேட்டது. டாக்டர் மணிபாரதி. நிலையத்தின் ஒரே டாக்டர். அழைப்பிதழில் 'முன்னிலை' என்று அவள் பேர் போட்டிருந்ததால் மேடையில் முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். ஏற்கெனவே மூன்று சால்வை போர்த்தியாயிற்று. சால்வைகளுக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர், "விருந்தினர் வர்றதுக்கு முன்னாடி மேடையை விட்டு எறங்கக் கூடாது மேடம், மரியாதை இல்ல," என்று சால்வையைப் பிடித்து உட்கார வைத்தார். செல்வகுமாரி மேடையை நோக்கி ஓடினாள். நடுவில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு ஒரு ஆள் காவல். அந்த ஆள் இரண்டாவது வரிசையில் சாய்ந்து கிடந்த கண்ணையனை மோந்து பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, "குடிச்சிருக்கறவங்களை மேடைகிட்ட வுடக் கூடாதும்மா," என்றான்.

சிறப்பு விருந்தினர் வரவில்லை. அதனால் அரிகரன் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே. மூளைக்குப் போற ரத்தம் நின்னுபோச்சுன்னா, ஒரு நிமிஷத்துக்குப் பத்தொன்பது லட்சம் செல் செத்துப்போகுது. இதை நான் சொல்லலை. தலைமையகத்துலேர்ந்து வந்த பவர்பாயிண்ட் சொல்லுது. தாமதம் கூடாது. தாமதம் கூடாதுங்கறதை வலியுறுத்தி நாங்க இதுவரைக்கும் பதினாலு கூட்டம் போட்டிருக்கோம். பதினஞ்சாவது கூட்டம் கொஞ்சம் தாமதமாயிடுச்சு. ஏன் தாமதமாச்சுன்னு ஆராய ஒரு குழு போட்டோம். அந்தக் குழு இன்னும் கூடலை.

"சில பேர் கேக்கறாங்க, ஈச்சம்பட்டுல ஸ்கேன் மெஷின் எங்கன்னு. நான் கேக்கறேன், ஸ்கேன் மெஷின் வச்சா எத்தினி பேருக்குப் பிரயோஜனம்? கை வுழுந்தவனுக்கு மட்டும்தான். பேனர் வச்சா? கை நல்லா இருக்கறவனுக்கும் பிரயோஜனம். எங்க இயக்ககம் பெரும்பான்மை மக்களுக்கானது. இன்னும் சில பேர், டாக்டர் பத்தலைன்னு சொல்றாங்க. இருக்கற டாக்டரை நாங்க எப்படி கௌரவப்படுத்தறோம்னு பாருங்க. தோ, மேடையில உக்கார வச்சிருக்கோம். அவங்களுக்கு ஒரு நோயாளிகூட தொந்தரவு குடுக்காம பாத்துக்கறோம்."

கை தட்டினார்கள். கண்ணையனால் முடியவில்லை. அவன் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அரிகரன் மைக் பிடித்து இருபது நிமிஷம். இருபது பத்தொன்பது முந்நூற்று எண்பது லட்சம். மூணு கோடியே எண்பது லட்சம். நாற்பது நிமிஷம் ஆனபோது ஏழு கோடியே அறுபது. அதற்கு மேல் கணக்கு வரவில்லை. கணக்கு போடுகிற செல்லும் செத்துப்போய்விட்டதோ என்று அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. இடது கையால் செல்வகுமாரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மேடையில் சால்வைக்கு மேலே தெரிந்த இரண்டு கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி ஒன்பதே முக்கால். விருந்தினர் கார் வில்லியனூர் தாண்டிவிட்டது என்று போன் வந்தது. அதற்குள் உறுதிமொழியை முடித்துவிடலாம் என்றார் அரிகரன்.

"எல்லாரும் எழுந்து நில்லுங்க. வலது கையை முன்னால நேரா நீட்டுங்க. நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. 'திடீரெனக் கை தளர்ந்தால்...'"

"திடீரெனக் கை தளர்ந்தால்," என்றது பந்தல். நாற்பது வலது கைகள் நேராக நீண்டன. கண்ணையன் உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டாவது வரிசையில அந்தப் பெரியவர் உறுதிமொழி எடுக்கலை," என்றார் அரிகரன் மைக்கிலேயே. "அம்மா, அவரை எடுக்கச் சொல்லுங்க. நாம எல்லாரும் ஒத்துழைச்சாதான் நாடு முன்னேறும்."

செல்வகுமாரி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு கண்ணையனைத் தோளோடு அணைத்து, பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவனைச் சாய்த்து நிறுத்தினாள். அவன் வலது கையை மணிக்கட்டில் பிடித்து, எல்லாருக்கும் மேலே உயரத் தூக்கினாள். அப்படியே விட்டாள். கை தொப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கினாள், விட்டாள். விழுந்தது. மூன்றாவது முறை. அவள் மேடையை மட்டுமே பார்த்தாள்.

நாற்பது கைகள் நீண்டிருக்கிற இடத்தில் ஒன்று மட்டும் விழுந்து விழுந்து எழுந்தால் தெரியாமல் போகாது. மணிபாரதி எழுந்தாள். மேலே இருந்த இரண்டு சால்வைகள் நழுவி விழுந்தன. மேடையிலிருந்து குதித்து, கயிற்றைத் தூக்கிக் கடந்து, கண்ணையனின் முன்னால் வந்து குனிந்தாள்.

"எத்தினி மணிக்கும்மா ஆரம்பிச்சுது?"

"ஏழு பத்து. ரிஷபத்துக்கு."

"சிரிங்க. கையைப் புடிங்க. இன்னும் அழுத்தமா." அவள் நிமிர்ந்தாள். "சார், இவருக்கு ஸ்ட்ரோக். உடனே அனுப்பணும்."

"அதான் மேடம் இன்னிக்கி தலைப்பே," என்றார் அரிகரன் மைக்கை மூடிக்கொண்டு. "நீங்க ஏழாவது பேசணும். இது மூணாவது நிகழ்ச்சி. உக்காருங்க."

"சார், இன்னும் ரெண்டு மணி நேரம்கூட இல்ல. வண்டி வேணும்."

"வண்டிக்கு நோயாளி இருக்காரு மேடம். கொடியசைக்காம அது கிளம்பவும் கூடாது. சுற்றறிக்கை என் பேர்ல இல்ல, மேலேர்ந்து."

அப்போதுதான் சூசைநாதன் ஆம்புலன்ஸிலிருந்து இறங்கினான். அவன் வெளியே வந்து நிற்பதைப் பார்த்ததும் அரிகரனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒத்திகை வரலாற்றில் நோயாளி தானாக எழுந்து நடந்தது இதுதான் முதல் தடவை.

"சூசை, படு. நீ நோயாளிடா."

"இனிமே இல்ல சார்." சூசைநாதன் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக் கண்ணையனின் கழுத்தில் மாட்டினான். "நாலு வருஷமா பர்மனென்ட் ஆவலை. இன்னிக்கிதான் ஒரு போஸ்ட்டு குடுத்தீங்க. இந்த அண்ணனுக்கு அது என்னைவிட நல்லா பொருந்துது. வச்சிக்க அண்ணே."

அவனும் டாக்டரும் செல்வகுமாரியும் கண்ணையனைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். டிரைவர் அமல்தாஸ் ஏற்கெனவே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். ஆனால் சாவியைத் திருப்பவில்லை.

"கொடி," என்றான்.

"இன்னா கொடி?" என்றாள் செல்வகுமாரி.

"பச்சைக் கொடி ஆடினாதான் எடுக்கணும்னு எழுத்துல குடுத்திருக்காங்க. எடுத்தா எனக்கு சார்ஜ் ஷீட்டு."

"யாரு ஆட்டணும்னு எழுதியிருக்குது?"

அமல்தாஸ் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தான். மடித்து மறுபடி பைக்குள் வைத்தான். "அதை எழுதலை," என்றான், கொஞ்சம் ஆச்சரியத்தோடு.

மேடை ஓரத்தில் வெள்ளித் தட்டில் பட்டுத்துணி விரித்து, அதன்மேல் பச்சைக் கொடி படுத்திருந்தது. செல்வகுமாரி போய் அதை எடுத்தாள். பிஸ்கட் கம்பெனியில் எட்டு மணி நேரம் அட்டைப்பெட்டி தூக்குகிற கை. வண்டிக்கு முன்னால் வந்து நின்று, நெல் தூற்றுகிற மாதிரி மூன்று தடவை அசைத்தாள். வண்டி கிளம்பியது. ஓடிப்போய்ப் பின்கதவில் ஏறிக்கொண்டாள். கொடி கையிலேயே இருந்தது. டாக்டரும் உள்ளேதான் இருந்தாள். கடைசிச் சால்வை கதவில் மாட்டிக்கொண்டு வெளியே பறந்தது.

மெயின் ரோட்டில் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். வரிசையாக லாரி, பஸ், பைக் எல்லாம் நின்றன.

"இன்னாண்ணே?" என்றான் அமல்தாஸ்.

"வி.ஐ.பி. வர்றாரு. ஆம்புலன்சுக்கு வழி வுடணும்னு பேச ஈச்சம்பட்டு போறாரு. அவரு போனதும் வுட்டுடறேன்."

மணிபாரதி கீழே இறங்கிப்போய் அந்தப் போலீஸ்காரரிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று கண்ணையனுக்குக் கேட்கவில்லை. ஆனால் போலீஸ்காரரின் அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை அதில் இருந்ததாக அமல்தாஸ் பிற்பாடு சொன்னான். போலீஸ்காரர் ரோட்டையும் ஆம்புலன்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய அப்பா இதே மாதிரி கை விழுந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார், மாத்திரை எழுதிக் கொடுப்பது மணிபாரதிதான். அப்படிப் பார்த்ததில் ஐந்து நிமிஷம் போனது. பிறகு தடுப்பை அவரே காலால் உதைத்துத் தள்ளினார். எதிரே சைரனோடு நான்கு கார் வந்தது. அவையெல்லாம் ஓரமாக நின்று வழிவிட்டன. முதல் காரில் இருந்த பெரியவர், எதிரே போகிறது எந்த அமைச்சர் என்று கேட்டாராம்.

பெரியாஸ்பத்திரியில் பத்து நாற்பதுக்கு ஸ்கேனுக்குள் போனான். கழுத்து அட்டையைப் பார்த்த நர்ஸ் ஒருத்தி, "நோயாளின்னு எழுதி மாட்டிக்கிட்டு வர்ற ஆளை இன்னிக்கிதான் பாக்கறேன்," என்றாள். ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்றார்கள். பதினொன்று பத்துக்கு ஊசி ஏறியது. செல்வகுமாரி வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்து, பச்சைக் கொடியை முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டு அழுதாள். அன்று முழுக்க அவள் அழுதது அந்த ஒரு தடவைதான். அதுவும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் இல்லை.

ஈச்சம்பட்டில் விருந்தினர் வந்து இறங்கியபோது வண்டியும் இல்லை, நோயாளியும் இல்லை, கொடியும் இல்லை. அரிகரன் அசரவில்லை. குப்பை அள்ளுகிற டிராக்டரைக் கழுவி, மாலை போட்டு, பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பச்சைத் துண்டை வாங்கிவந்தார். விருந்தினர் துண்டை அசைத்தார். டிராக்டர் குளக்கரை வரை போய்த் திரும்பியது. அவசர வண்டி மூன்றே நிமிடத்தில் நோயாளியை அடைந்து ஒத்திகை மாபெரும் வெற்றி என்று செய்தி அனுப்பினார்கள். சூசைநாதனுக்குச் சாயங்காலமே மெமோ வந்தது. நோயாளியாக நியமிக்கப்பட்டவர், உரிய அதிகாரியின் முன்அனுமதி இன்றிப் பணி நேரத்தில் குணமடைந்து எழுந்து சென்றது ஏன் என்று மூன்று நாளைக்குள் எழுத்து மூலம் விளக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அவன் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கே வந்து, கண்ணையனுக்குப் படித்துக் காட்டினான். கண்ணையன் சிரித்தான். வலது பக்கமும் கொஞ்சம் சேர்ந்து சிரித்ததாகச் செல்வகுமாரி சொன்னாள். சூசைநாதனுக்கு அது தெரியவில்லை. இருந்தாலும் ஆமாம் என்றான்.

மறுநாள் காலை ஆறேகால் மணிக்கு ஒரு நர்ஸ் வந்து வலது கையைத் தூக்கச் சொன்னாள். கை நெஞ்சுவரை வந்தது. அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.